மழைக்காரன் குரல் நின்ற நாள்

போன் மணி அடிப்பதற்கு முன்பே அண்ணி விழித்துவிட்டாள். ஒரு வருடமாக அப்படித்தான். இருட்டு பிரிகிற நேரத்தில் கண் தானாகத் திறந்துகொள்ளும். உடம்பு விறைத்துப்போகும். காது மட்டும் கூடத்துப் பக்கம் திரும்பியிருக்கும்.

கூடத்தில் மாமனார் அவளுக்கும் முன்னால் எழுந்து உட்கார்ந்திருப்பார். மடியில் துண்டு, துண்டின் மேல் போன். மணி அடித்ததும் எடுத்து, சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

செத்துப்போன மகன் பேசுவான்.

"வணக்கம். நான் உங்க மழைக்காரன் பேசறேன். இன்னிக்கு மழை இல்ல. களை எடுக்கலாம். மருந்து தெளிக்கலாம்."

இந்தக் குடும்பத்தை இன்றுதான் சந்திப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டவுனில் இருக்கும் வானிலைச் சேதி அலுவலகத்தில் மழைக்காரன் வேலை பார்த்தான். சிறு விவசாயிகளுக்குத் தினமும் விடியற்காலையில் போனில் மழை நிலவரம் சொல்வது அந்த அலுவலகத்தின் பொறுப்பு. சேதியை அன்றன்றைக்குப் பேசுவதில்லை. 'இன்னிக்கு', 'நாளைக்கு', 'மழை வரும்', 'மழை இல்ல', 'நாத்து நடலாம்' என்று துண்டு துண்டாகப் பேசிப் பதிந்து வைத்திருந்தார்கள். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்று கம்ப்யூட்டர் சேர்த்துக்கொள்ளும். அதனால் பேசியவன் போன பிறகும் குரல் நிற்கவில்லை.

அவன் போனது இப்படித்தான். சென்ற வருடம், இதே அறுவடைக் காலம். 'இன்னிக்கு மழை இல்ல' என்று அவன் குரலே ஊருக்கெல்லாம் சொன்னது. சொன்னது பொய்யும் இல்லை. அன்று ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. மலைப்பக்கம் எங்கேயோ கொட்டியது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு கரையைத் தாண்டி வயலுக்குள் வந்தது. பள்ளத்து வயலில் அறுத்துக்கொண்டிருந்தவனைக் காணவில்லை. தேடப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அதற்கு மறுநாளும் போன் மணி அடித்தது. "வணக்கம். நான் உங்க மழைக்காரன் பேசறேன்."

அவன் அப்பா, அந்தப் பெரியவருக்கு, அந்தக் குரல் உயிர். அவன் மனைவியான அண்ணிக்கு அது தினமும் ஏறும் முள். மூன்று நாள் முன்னால்தான் நாத்தனாரிடம் வாய்விட்டுச் சொன்னாள். "பாப்பா, இதுக்கு மேல என்னால முடியாது. மழை இல்ல, மழை இல்லன்னு என் தலைமாட்டுல நின்னு சொல்லிட்டே இருக்கார். நிறுத்தச் சொல்லு."

பாப்பா என்பது பேர்தான். இருபத்தெட்டு வயது. அண்ணன் வேலை பார்த்த அதே அலுவலகத்தில், அண்ணன் உட்கார்ந்த அதே நாற்காலியில் இப்போது அவள்தான். ஒன்றும் கேட்காமல் தலையாட்டிவிட்டுப் போனாள்.

இன்று மணி அடித்தது.

"வணக்கம்! உங்கள் வானிலைச் சேதிக்கு உங்களை வரவேற்கிறோம்!"

இளசான, வழவழப்பான பெண் குரல். எந்த ஊர்க்காரி என்று கண்டுபிடிக்க முடியாத குரல்.

அண்ணி எழுந்து கதவோரம் வந்து நின்றாள். பெரியவர் போனைக் காதில் வைத்துப் பார்த்தார். எடுத்துத் துண்டில் துடைத்தார். மறுபடி காதில் வைத்தார்.

"ஏம்மா... இது என்ன, ராங் நம்பரா?"

"இல்ல மாமா. ஆபீஸ்ல குரலை மாத்திட்டாங்களாம்."

"யாரைக் கேட்டு மாத்தினாங்க?"



பெரியவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். அரிவாளை எடுத்தார். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "தண்ணி கொண்டுபோச்சு, சரி. தண்ணிகிட்ட நியாயம் கேக்க முடியாது. இப்ப ரெண்டாவது தடவையா எவன் கொன்னான்னு எனக்குத் தெரியணும்."

பள்ளத்து வயல் பக்கம் அவர் நடந்து மறைகிறவரை அண்ணி நிலைப்படியைப் பிடித்தபடி நின்றாள். வானத்தைப் பார்த்தாள். துடைத்து விட்டதுபோல் நீலம். அதைப் பார்க்கத்தான் அவளுக்கு எப்போதும் பயம்.

* * *

ஆற்றின் மேல்பகுதியில் தண்ணீர் மட்டம் பார்ப்பவரிடமிருந்து பாப்பாவுக்குப் போன் வந்தபோது அவள் காலைச் சாப்பாட்டைப் பிரித்திருக்கவில்லை. சென்ற வருடச் சாவுக்குப் பிறகுதான் அப்படி ஒரு ஆளை அங்கே உட்கார வைத்தார்கள்.

"பாப்பா, மலையில விடிய விடியக் கொட்டியிருக்கு. இங்க அளவுக் கம்பம் முழுகிடுச்சு. நான் மேட்டுல நின்னு பேசறேன். தண்ணி உங்க பக்கம்தான் வருது."

"எவ்வளவு நேரத்துல?"

"மத்தியானத்துக்குள்ள. போன தடவை மாதிரியேதான்."

போன தடவை மாதிரியே. பாப்பா சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். அதிகாரியைக் கூப்பிட்டாள். புதுக்குரலில் அவசரச் சேதியைக் கோத்தாள். ஊர் ஊராக அனுப்பினாள்.

போனை எடுத்தவர் எத்தனை நேரம் கேட்டார் என்று திரையில் தெரியும். எடுத்தார்கள். உடனே வைத்தார்கள். எடுத்தார்கள். வைத்தார்கள். ஒருவர்கூட முழுதாகக் கேட்கவில்லை.

"என்ன ஆச்சு? லைன்ல கோளாறா?" அதிகாரி அவள் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடுகிற மனிதர். கெட்டவர் இல்லை.

பாப்பா ஊரில் தெரிந்த ஒரு விவசாயிக்குத் தன் போனிலிருந்து அடித்தாள். "மாமா, இப்ப ஒரு சேதி வந்துச்சே, கேட்டீங்களா?"

"எது, அந்தப் பொண்ணு பேசினதா? வணக்கம், வரவேற்கிறோம்னு? கடன் வேணுமான்னு கேக்கறவதானே! காலையிலயும் வந்தா, இப்பவும் வந்தா. ரெண்டு தடவையும் கட் பண்ணிட்டேன்."

"மாமா, அது நாங்கதான்! தண்ணி வருது, மேட்டுக்குப் போங்க!"

"தண்ணியா? வெயில் மண்டையைப் பொளக்குது. சும்மா இரு பாப்பா, அறுப்பு நேரத்துல விளையாடாதே."

அதிகாரி கண்ணாடியை இறக்கினார். "பழைய குரலைப் போடு."

பாப்பா திரும்பிப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் குரலைப் போடும்மா. அதைத்தான் கேப்பாங்க. வீட்டு விஷயத்தை அப்புறம் பார்த்துக்கலாம்."

காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவள் அண்ணனைத் திறந்தாள். நேற்றோடு நிறுத்தி வைத்திருந்த துண்டுகள். 'வணக்கம்.' 'இன்னிக்கு.' இடையில் அவன் தொண்டையைச் செருமுவது வெட்டாமல் கிடந்தது. 'பெருமழை வரும்.' 'காத்து அடிக்கும்.' 'பள்ளத்து வயல்ல.' ஒவ்வொன்றாகக் கேட்டாள். அண்ணன் அவளுக்கு மட்டும் பேசுவதுபோல் இருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது.

'தண்ணி வருது' இல்லை.

'மேட்டுக்குப் போங்க' இல்லை.

'ஓடுங்க' இல்லை.

மறுபடி முதலிலிருந்து தேடினாள். இருக்கவே இருக்காது. அவன் உயிரோடு இருந்த வரையில், மழை இல்லாத நாளில் வெள்ளம் வரும் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு வாக்கியம் அன்று இருந்திருந்தால் அவன் இன்று இருந்திருப்பான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணிக்குப் போன் போட்டாள்.

* * *

ஊருக்கு நடுவே மேட்டில், தூண்கள் மேல் நிற்கும் கட்டடம் விதைக் கிடங்கு. மழைக்காரன் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டுக் கட்டியது. வெள்ளம் தாங்கும் நெல், உப்புத் தண்ணீரைத் தாங்கும் நெல், சீக்கிரம் விளையும் சிறுதானியம், பயறு என்று வகைக்கு ஒரு தகரப் பீப்பாய். ஒரு பட்டத்து விளைச்சல் கெட்டாலும் அடுத்த பட்டத்துக்கு விதை கேட்டு யாரும் கையேந்த வேண்டாம் என்பது அவன் கணக்கு. இப்போது சாவி அண்ணியிடம். பாப்பா கூப்பிட்டு மலைவெள்ளத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் அங்கேதான் இருந்தாள்.

"நீங்க பேசணும் அண்ணி," என்றாள் பாப்பா. "போன்லயே பேசுங்க. நான் இங்க பதிஞ்சு அப்படியே அனுப்பறேன்."

"நானா? நான் பேசினா எவன் கேப்பான்?"

"அந்தப் பொண்ணு குரலை விளம்பரம்னு கட் பண்றாங்க. அண்ணன் குரல்ல தண்ணி வருதுங்கற வார்த்தையே இல்ல. முதல்ல அண்ணனோட வணக்கத்தைப் போட்டுட்டு, அப்புறம் உங்களைப் போடறேன். அவர் குரல் கேட்டா வைக்க மாட்டாங்க."

அண்ணி பீப்பாய் மேல் கை வைத்துக்கொண்டாள். கதவு வழியே விழுந்த வெயிலில் தகரம் சூடாக இருந்தது.

"வேண்டாம் பாப்பா. அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை வாங்கினது போதும். நான் பேசறேன். நான் மட்டும்."

"வச்சிட்டாங்கன்னா?"

"வைக்க மாட்டாங்க. பதியறியா?"

"ம்."

அண்ணி மூச்சை இழுத்தாள். கிடங்கில் இருந்த இரண்டு பெண்கள் மூட்டையைத் தூக்கியபடியே அசையாமல் நின்றார்கள்.

"நான் மழைக்காரன் வீட்டுக்காரி பேசறேன். போனை வைக்காதீங்க. போன வருஷம் இதே மாதிரி வெயில். மழை இல்லன்னு சொன்னாங்க, நம்பி வயலுக்குப் போனார், வரல. இன்னிக்கும் மழை இல்ல. ஆனா தண்ணி வருது. மலையில பெஞ்ச தண்ணி. ஆத்துல ஏறிடுச்சு. அறுத்ததை விடுங்க, அறுக்காததையும் விடுங்க. அடுத்த பட்டத்துக்கு விதை என்கிட்ட இருக்கு, நான் தர்றேன். ஆளுக்கு விதை என்கிட்ட இல்ல. பிள்ளைங்களைத் தூக்கிட்டுக் கிடங்குக்கு வாங்க. இப்பவே வாங்க."

பேசி முடித்தாள். பீப்பாயில் சாய்ந்து நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பெண்ணின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அதில் தன் குரலைத் தானே கேட்டாள் அண்ணி. எங்கோ தள்ளி இன்னொரு போன். தெருவில் ஒன்று. வயல் பக்கம் ஒன்று. ஊர் முழுக்க அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

இப்படித்தான் அவருக்கும் இருந்திருக்குமோ என்று நினைத்தாள்.

* * *

வந்தார்கள். வரப்பு வரப்பாக வந்தார்கள். தலையில் கதிர்க்கட்டு வைத்தவர், ஆட்டை இழுத்தவர், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டவர். காலையில் சும்மா இரு என்று பாப்பாவை அடக்கிய விவசாயி மனைவியை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். "இவளுக்கு மூட்டு வலி. நடந்தா நாளைக்குத்தான் வருவா," என்றார் மூச்சு வாங்க. "வாயை மட்டும் நடக்க விட்டா முதல்ல வந்திருப்பேன்," என்றாள் முதுகில் இருந்தவள். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பெரியவர் இல்லை.

சாவியைப் பக்கத்திலிருந்தவள் கையில் திணித்துவிட்டு இறங்கி ஓடினாள்.

பள்ளத்து வயலில் தண்ணீர் ஏற்கெனவே வந்திருந்தது. சத்தமில்லாமல், வாய்க்கால் வழியாக, பழுப்பாக. வயலில் ஒரு பாதி விளைந்த நெல். மறுபாதி, மகன் சொன்னபடி தள்ளி நட்ட இளம்பயிர். எட்டு பத்து நாள் முழுகிக் கிடந்தாலும் தலை தூக்கும் ரகம். எல்லாத்தையும் ஒரே நாள்ல நடாதீங்கப்பா என்று கெஞ்சிக் கெஞ்சி அப்பாவை மாற்றி வைத்திருந்தான்.

விளைந்த நெல்லுக்கு நடுவே, முழங்கால் தண்ணீரில், பெரியவர் அறுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா! வாங்க!"

அவர் நிமிரவில்லை.

"போன் வரலையா மாமா?"

"வந்துச்சு. கேட்டேன்." ஒரு பிடி அறுத்தார். "நல்லாத்தான் பேசினே."

"அப்ப ஏன் நிக்கறீங்க? ஏறி வாங்க!"

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. குரலை நிறுத்தச் சொன்னது நீதானே?"

தண்ணீர் அவர் தொடைக்கு ஏறியிருந்தது. அண்ணி வரப்பிலிருந்து உள்ளே இறங்கினாள்.

"ஆமா மாமா. நான்தான்."

பெரியவர் அரிவாளைக் கீழே விட்டார். அது முழுகிப் போனது. அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. அதைவிடப் பயமாக இருந்தது அந்தப் பார்வை.

"நான் தினம் என்ன நினைச்சிட்டு இருந்தேன் தெரியுமா? அவன் கூப்பிடறான்னு. காலையில அவன் பேசுவான், நான் இங்க வந்து நிப்பேன். என்னிக்காவது தண்ணி வரும், அவன் போன வழியிலயே நானும் போயிடலாம்னு. இன்னிக்கு அவன் பேசியிருந்தா நீ கூப்பிட்டாலும் நான் ஏறி வந்திருக்க மாட்டேன்ம்மா. இங்கயே நின்னிருப்பேன்."

"இன்னிக்கு அவர் பேசல மாமா. நான்தான் பேசினேன்." அவள் கையை நீட்டினாள். "என்னை விட்டுட்டுப் போறதா இருந்தா, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க."

கரை எங்கோ உடைகிற சத்தம் கேட்டது.

பெரியவர் அவள் கையைப் பிடித்தார். அவள் இழுக்க, அவர் தடுமாற, வரப்பில் விழுந்து எழுந்து இருவரும் ஓடினார்கள். மேட்டை அடைந்து திரும்பிப் பார்த்தபோது வயல் இல்லை. வேலிக்கம்பங்களின் நுனி மட்டும் வரிசையாகத் தெரிந்தது.

* * *

பொழுது சாய்கிற வேளையில் கிடங்கைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். உள்ளே ஊரே நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. விதைப் பீப்பாய்களின் மேல் குழந்தைகள் தூங்கினார்கள். டவுனிலிருந்து பாப்பா கூப்பிட்டாள். "நம்ம ஊர்ல எல்லாரும் வந்துட்டாங்களா அண்ணி?"

"வந்துட்டாங்க. மாமாவும்தான்."

அந்தப் பக்கம் பாப்பா அழுவது கேட்டது. "நாளைக்கு யார் குரல்ல அனுப்பறதுன்னு ஆபீஸ்ல கேக்கறாங்க."

"பார்க்கலாம். நீ முதல்ல ஏதாவது சாப்பிடு," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பெரியவர் சுவரோரம் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். மருமகள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, குவளையைத் திருப்பித் தரும்போது அவள் தலையில் கை வைத்தார். ஒரு வருடத்தில் முதல் தடவையாக அண்ணிக்குத் தூக்கம் வந்தது.

அப்போதுதான் போன் மறுபடி அடித்தது.

பாப்பாதான் என்று எடுத்தவள் திரையைப் பார்த்தாள். 'அவர்' என்று வந்தது.

மழைக்காரனைத் தேடிய நாட்களில் அந்த எண்ணுக்கு அடித்து அடித்து ஓய்ந்திருந்தாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றே ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. அலுவலகம் கொடுத்த எண். இணைப்பை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போனாள். பொத்தானை அழுத்தினாள். காதில் வைத்தாள்.

"காலையில பேசினது நீங்கதானேங்க?" ஒரு பெண் குரல். வயதான, பயந்த குரல். "மழைக்காரர் வீட்டுக்காரின்னு?"

"நீங்க... யாரு? இந்த போன் எப்படி..."

"நாங்க ஆத்துக்குக் கீழ்ப்பக்கம்ங்க. போன் எங்ககிட்டதான் இருக்கு. காய வச்சு, கொஞ்ச நாள் கழிச்சுத்தான் உயிர் வந்துச்சு. தினமும் விடியக்காலையில இதுலயே அவர் மழைச் சேதி பேசுவார். சொன்னா எங்க மேல பழி வருமோன்னு பயந்துட்டே கேப்போம். இன்னிக்கு நீங்க பேசினீங்க. அதுக்கு மேல சொல்லாம இருக்க முடியல." அந்தப் பெண் நிறுத்தி மூச்சு விட்டாள். "வெள்ளத்தோட போயிட்டார்னுதானே நினைச்சிட்டு இருக்கீங்க?"

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லங்க. தண்ணி வடியற வரைக்கும் எங்க கூரை மேலதான் உக்காந்திருந்தார். தலையில அடி. பேர் கேட்டா சொல்லத் தெரியல. வீட்டுக்குப் போறேன், வீட்டுக்குப் போறேன்னு மட்டும் சொல்லிட்டே இருந்தார். தண்ணி வடிஞ்சதும் போனைக்கூட எடுக்காம இறங்கி நடந்துட்டார். எங்களால பிடிக்க முடியல."

பின்னாலிருந்து பெரியவர் கேட்டார். "யாரும்மா போன்ல?"

அவள் திரும்பவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தனக்கே கேட்காத குரலில் கேட்டாள்.

"எந்தப் பக்கமா நடந்தார்?"